தோல்நோய் எண்ணெயும் சோதனை மரபும்: மட்டக்களப்பை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் அமைந்துள்ளன. வாவியில் வலை வீசுவோரும் படுவான்கரை வயல்களிலே சேற்றில் உழைப்போரும் நெடுநேரம் ஈரத்தில் நிற்பவர். எனவே சேற்றுப்புண், படர்தாமரை, சிரங்கு என்பன இந்நிலத்தின் தொழிலோடு பிணைந்த நோய்களாயின. வேம்பு, மஞ்சள், குப்பைமேனி, வண்டுகொல்லி முதலியவற்றைக் கொண்டு பரிகாரியார் காய்ச்சிய எண்ணெயும் அரைத்த பூச்சுமே நெடுங்காலம் இவற்றுக்கு மருந்தாக விளங்கின.

அம்மருந்துகள் சோதனையின்றி வழங்கின என்று கருதுவது பொருந்தாது. எண்ணெய் காய்ச்சுகையில் அடியிற் படியும் கற்கத்தைத் திரியாக உருட்டி நெருப்பிலிடுவர். வெடிப்பொலி எழாவிடின் நீர் வற்றிற்று என்று கொள்வர். நீர் எஞ்சிய எண்ணெய் விரைவிற் கெடும் என்பதை அனுபவம் உணர்த்தியிருந்தது. நச்சுச் சரக்குகளைச் சுத்தி செய்தே சேர்த்தல் வேண்டும் என்பதும் சித்த மருத்துவ விதியாகும். இவற்றுக்கு மேலாக, மருந்தைச் செய்தவரும் பூசியவரும் ஓரூரினர். தீங்கு நேர்ந்தால் வினா பரிகாரியாரின் வாசலிலேயே எழும்.

ஆயினும் புலன்வழிச் சோதனைக்கு எல்லையுண்டு. புண்ணிற் பூசும் மருந்தில் ஸ்ரபைலோகொக்கசு ஓரியசு, சூடோமோனாசு எருஜினோசா ஆகிய பற்றீரியாக்கள் இருத்தலாகாது என இக்கால மருந்து நியமங்கள் விதிக்கின்றன. இவற்றைக் கண்ணும் மூக்கும் அறியா. சில களிம்புகளிற் சேரும் மிருதார்சிங்கி ஈயத்தையும் இலிங்கம் இரசத்தையும் கொண்டவை. இங்கு உலோகம் கலப்படமன்று, செய்முறையின் கூறேயாகும். ஆதலின் உலோகம் உளதா என்பதோடமையாது, எவ்வளவு, எவ்வடிவில், புண்பட்ட தோலினூடாக எத்துணை உட்செல்கிறது என்றும் வினவுதல் வேண்டும். கார்போகரிசியோ தூயதாயிருந்தும் தீங்கு செய்யவல்லது. அதிலுள்ள சோரலென் தோலிற் படிந்தபின் வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். வெயிலில் உழைப்போர் மிக்க இந்நிலத்தில் இது மனங்கொள்ளத்தக்கது. தரம் வேறு, பாதுகாப்பு வேறு என்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவுறுத்தும்.

கொழும்பில் 1929இல் சுதேச மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் சித்தம், யூனானி ஆகியவற்றையும் தன்னுள் அடக்கி, மருத்துவரைப் பதிவு செய்ய வழிவகுத்தது. 1962இல் நாவின்னையில் பண்டாரநாயக்க நினைவு ஆயுள்வேத ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. எனினும் மருத்துவரைப் பதிவதும் அவர் காய்ச்சிய ஒவ்வொரு போத்தலையும் சோதிப்பதும் ஒன்றல்ல. மருந்து ஊரெல்லை கடந்து கடைக்குச் சென்றபோது, முகமறிந்த நம்பிக்கை அதனுடன் செல்லவில்லை.

மூலிகைப் பொருள்களின் தரங்காணும் முறைகளை உலகச் சுகாதார நிறுவனம் 1998இல் நூலாக வெளியிட்டது. 2004இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவின் பொஸ்ரன் நகர்க் கடைகளில் வாங்கிய 70 ஆயுள்வேத உண்மருந்துகளுள் 14இல் ஈயம், இரசம், ஆசனிக்கு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்ததை அறிவித்தது. இத்தகைய செய்தி பரவும்போது, முறையாகக் காய்ச்சப்பெற்ற எண்ணெயும் ஐயத்துக்கு உள்ளாகிறது. சோதனை இல்லாவிடத்துப் போலி மருந்து வாழ்கிறது. நன்மருந்தும் பழி சுமக்கிறது.

1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இவ்வாவிப் பிரதேசத்திலேயே அமைந்துள்ளது. அதன் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகிறது. இரசாயனவியலாளரின் கருவியும் பரிகாரியாரின் பக்குவ அறிவும் ஒருங்கிணைதற்கு இதனினும் ஏற்ற களம் அரிது. நெருப்பிலிட்ட திரியின் ஒலியைச் செவிமடுத்த மரபு, நுணுக்குக்காட்டியை அஞ்சவேண்டுவதில்லை. இரண்டும் நோயாளியின் பொருட்டு எழுந்த ஒரே வினாவின் இருவேறு வடிவங்களேயாம்.