குழாய் ரேடியோவும் நூறு வாட் பெட்டியும்

ஹை-எண்ட் ஆடியோ என்றாலே லண்டன், டோக்கியோ என்று மனசு ஓடும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் "இருக்கிற ஆம்ப்ளிஃபையரை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிசாக ஒன்று ஏன் வைக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு இந்த மானாவாரிச் சீமையில் சுவாரசியமான பதில் இருக்கிறது. வாட் மோகம் அந்தப் பதிலில் பாதிதான்.

குழாயிலிருந்து ஆரம்பிப்போம். கோவில் பொங்கல், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் வேப்பமர உச்சியில் கட்டிய அந்தக் கூம்பு ஒலிபெருக்கியைத்தான் தென் மாவட்டங்களில் குழாய் என்பார்கள். கூட வரும் மொத்த சாமானுக்கும் பெயர் ரேடியோ செட். 1977-ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதல்வரானார். அந்தக் காலத்துத் தேர்தல் மேடைகளும் குழாயை நம்பித்தான் இருந்தன.

குழாயின் ரகசியம் அதன் திறமை. ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 107 டெசிபல் சத்தம் போடும். வீட்டில் வைக்கும் சின்ன மரப்பெட்டி ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் பக்கம்தான் தரும். வித்தியாசம் 20 டெசிபல்தானே என்று நினைக்க வேண்டாம். டெசிபல் கணக்கில் 20 என்றால் சக்தியில் நூறு மடங்கு! குழாய் ஒரு வாட்டில் போடும் சத்தத்தைப் பெட்டி போட வேண்டுமென்றால் நூறு வாட் வேண்டும். இரண்டு இ.எல்.34 வால்வு போட்ட முப்பது வாட் ஆம்ப்ளிஃபையர் ஒரு ஊருக்கே போதுமானதாக இருந்தது இதனால்தான்.

வால்வு செட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதற்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓட வேண்டும். கரண்ட் வராத ஊரில் பேட்டரியை வைத்து அதை ஓட்டுவது பெரிய பாடு. டிரான்சிஸ்டரைப் பெல் ஆய்வகத்தில் 1947-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1960களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி கொண்டுவந்த 2என்3055 என்ற டிரான்சிஸ்டர் உலகம் முழுக்கப் பரவியது. தலையில் இரும்புத் தொப்பி போட்டது மாதிரி இருக்கும். டிரான்சிஸ்டர் செட்டுக்கு ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி போதும், கண்மாய்க்கரைக் கோவிலிலும் பாட்டு கேட்கும். மேல்நாட்டில் வால்வின் தொனி உசத்தியா, டிரான்சிஸ்டரின் சுத்தம் உசத்தியா என்று சண்டை நடந்தது (இன்னும் முடியவில்லை!). கரிசல் காட்டில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. பேட்டரியில் ஓடுவதுதான் உசத்தி.

அடுத்த மாற்றம் பாட்டிலிருந்து வந்தது. குழாயில் பேஸ் வராது. அதன் அமைப்பே அப்படி, கீழ்ஸ்தாயி ஒலிகளை விழுங்கிவிடும். இளையராஜா 1976-ல் அன்னக்கிளியோடு வந்தார். ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்குப் பெயர் பெற்ற ப்ரியா 1978-ல் வந்தது. அந்தப் பாட்டுகளுக்கு அடியில் தனியாக நடந்துகொண்டிருக்கும் பேஸ் கிடாரைக் குழாயில் மட்டும் கேட்டவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டேப் ரெக்கார்டர்கள் வந்தன. பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் வந்தன. பிறகுதான் வீட்டுக்குள் பெட்டி ஸ்பீக்கர் வந்தது. பேஸ் கிடைத்தது, ஆனால் மேலே சொன்ன நூறு மடங்குக் கணக்கும் கூடவே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபையர் பெரிதாக ஆரம்பித்தது அப்போதுதான்.

வெளிநாட்டு ஆம்ப்ளிஃபையர் வாங்க வழியில்லை. 1991-க்கு முன்னால் இறக்குமதி வரி அப்படி. இங்கிலாந்தின் குவாட் 405 வெளிவந்தது 1975-ல், இங்கே அதைப் பத்திரிகைப் படத்தில் பார்த்தால்தான் உண்டு. அதனால் அசெம்பிள்டு செட். மதுரையிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ சாமான் வாங்கி வந்து மெக்கானிக் கட்டிக் கொடுப்பார். முதலில் சான்யோ கம்பெனியின் எல்.ஏ.4440 ஐ.சி., பக்கத்துக்கு 6 வாட். ஆசை கூடினால் அதே கம்பெனியின் எஸ்.டி.கே. வகை. இன்னும் கூடினால் 3055 ஜோடிகள்.

இங்கே ஒரு பி.காம் சமாச்சாரம். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். முதல் வருஷத்தில் படித்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. செலவு மட்டும் இரட்டிப்பாகும்.

வோல்டேஜ் கதை இன்னும் மோசம். சாயங்காலம் கிணற்று மோட்டார்களும் விசைத்தறிகளும் ஓடும்போது 230 இருக்க வேண்டியது 180-க்கு இறங்கினால், சக்தி வோல்டேஜின் வர்க்கப்படி விழும். 100 வாட் செட் கிட்டத்தட்ட 61 வாட் ஆகிவிடும். விவரமான மெக்கானிக்குகள் ஐ.சி.யை மாற்றும் முன் டிரான்ஸ்ஃபார்மரையும் கெப்பாசிட்டரையும் பெரிதாக்கச் சொன்னது இதனால்தான். நம்மவர்கள் கேட்டார்களா? 1990களில் "1000 வாட் பி.எம்.பி.ஓ." ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் வந்து எல்லோர் மனசையும் கெடுத்தன. பி.எம்.பி.ஓ.வை அளக்க ஒப்புக்கொண்ட முறை என்று எதுவுமே இல்லை, அச்சடிப்பவர் கை போன போக்குதான்.

இப்போது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ.3116 மாதிரி டி-கிளாஸ் சிப்கள் உள்ளங்கை அளவு போர்டில் பக்கத்துக்கு 50 வாட் தருகின்றன. வாங்கும் மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்கே போகிறது. மின்கட்டணம் கட்டுபவருக்குச் சந்தோஷம். மெக்கானிக்குக்குத்தான் சங்கடம். 4440 புகைந்தால் பழைய ஐ.சி.யைக் கழற்றிப் புதுசைப் பற்றவைத்துக் கொடுப்பார், அரை மணி நேர வேலை. இந்தப் போர்டு புகைந்தால் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போர்டு வாங்குகிறார்கள். கடையில் சால்டரிங் அயர்ன் சும்மா கிடக்கிறது. போர்டு மாறுகிறதே தவிர, அதோடு இணைக்கும் பெட்டி ஸ்பீக்கர் பல வீடுகளில் அதே பழைய 87 டெசிபல்தான்.