குதித்தாரா, தள்ளினார்களா?

2009 ஜூலையில் எங்கள் ஒட்டுக்கடை மேசைகளில் இரண்டே கட்சிகள்தான். "அவனே குதிச்சிருப்பான்" என்பார் ஒருத்தர். "இல்லப்பா, தள்ளி விட்டுட்டானுங்க" என்பார் இன்னொருத்தர். தே தாரிக் ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிடுவோம். நானும் ஒரு பக்கம் நின்று கத்தியவன்தான். இப்போது தியோ பெங் ஹோக் வழக்கின் தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போது, நாங்கள் கேட்ட கேள்வியே தவறு என்று படுகிறது.

தியோவுக்கு வயது 30. சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரின் உதவியாளர். மாநில ஒதுக்கீட்டுப் பணம் பற்றிய விசாரணைக்காக ஜூலை 15 அன்று ஷா ஆலம் பிளாசா மசாலாமின் 14வது மாடியில் இருந்த ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். குற்றவாளியாக அல்ல, சாட்சியாக. அதிகாலை 3.45க்கு விசாரணை முடிந்துவிட்டது என்றார்கள் அதிகாரிகள். 16ஆம் தேதி பிற்பகல், 5வது மாடித் தளத்தில் உடல் கிடந்தது. மறுநாள் அவருக்குத் திருமணப் பதிவு. மணக்கவிருந்த பெண் கருவுற்றிருந்தார்.

உயரத்திலிருந்து விழுந்த உடல், எப்படிச் செத்தது என்பதைச் சொல்லும். ஏன் விழுந்தது என்பதை அவ்வளவு சுலபத்தில் சொல்லாது. குதித்தாலும் தள்ளினாலும் தரை ஒன்றுதானே! அதனால் நிபுணர்கள் விழுவதற்கு முந்தைய தடயங்களைத் தேடினார்கள். கழுத்தில் இருந்த காயம் யாரோ நெரித்ததாலா? விழும்போது அவருக்கு நினைவு இருந்ததா? தாய்லாந்தின் டாக்டர் போர்ன்திப் கொலைக்கு 80 விழுக்காடு, தற்கொலைக்கு 20 விழுக்காடு என்று சாட்சி சொன்னார். பிரிட்டிஷ் நிபுணர் பீட்டர் வனேசிஸ் அதை ஏற்கவில்லை. புதைத்த உடலை நவம்பரில் தோண்டியெடுத்து இரண்டாவது சவப்பரிசோதனை செய்தார்கள். அப்போதும் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை.

பிறகு தீர்ப்புகள் வந்தன. 2011 ஜனவரியில் மரண விசாரணை அதிகாரி, தற்கொலை என்றும் சொல்ல முடியாது, கொலை என்றும் சொல்ல முடியாது என்று திறந்த தீர்ப்பு வழங்கினார். அதே ஆண்டு ஜூலையில் அரச விசாரணை ஆணையம் தற்கொலை என்றது. ஆனால் அதிகாரிகளின் கடுமையான விசாரணைதான் அவரை அதற்குத் தள்ளியது என்றது. தள்ளியது என்ற சொல் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். கையால் தள்ளினால் கொலை. இரவு முழுக்கக் கேள்வியால் தள்ளினால்?

நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 337வது பிரிவில் 'தற்கொலையா, கொலையா' என்ற கேள்வியே கிடையாது. எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்று கேட்கிறது. கடைசியாக, அந்த மரணத்துக்கு யாராவது குற்றவியல் ரீதியில் பொறுப்பா என்று கேட்கிறது. ஒட்டுக்கடையில் நாங்கள் விட்டுவிட்ட கேள்வி அதுதான்.

குடும்பம் விடவில்லை. உயர்நீதிமன்றத்தில் தோற்ற பிறகும் மேலே போனார்கள். 2014 செப்டம்பர் 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகத் திறந்த தீர்ப்பை ரத்து செய்தார்கள். மரண விசாரணை ஒருவரைத் தண்டிக்கும் வழக்கு அல்ல. எனவே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டிய அவசியம் இல்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும் என்றார்கள். அப்படிப் பார்த்தபோது பதில் கிடைத்தது. அடையாளம் தெரியாத நபர்களின் சட்டவிரோதச் செயலால் அந்த மரணம் நேர்ந்தது அல்லது விரைவுபடுத்தப்பட்டது. அவர்களில் ஆணைய அதிகாரிகளும் அடக்கம்.

மறுபடி படித்துப் பாருங்கள். குதித்தாரா, தள்ளினார்களா என்று அந்தத் தீர்ப்பு சொல்லவே இல்லை. அதைச் சொல்லாமலேயே பொறுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. மறு ஆண்டு அரசாங்கம் குடும்பத்துக்கு 6 லட்சம் ரிங்கிட் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த மரணத்துக்காக யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

நமக்கு இது அந்நியமான கதை இல்லை. அதே 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் 22 வயது குகன் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது முதல் சவப்பரிசோதனை. குடும்பம் கேட்டு வாங்கிய இரண்டாவது பரிசோதனைதான் அடிகளைப் பற்றிப் பேசியது. முதலில் எழுதப்பட்ட காரணத்தை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இனி ஒட்டுக்கடையில் யாராவது 'குதிச்சானா, தள்ளிட்டாங்களா' என்று ஆரம்பித்தால் நான் கட்சி சேரப்போவதில்லை. அந்த ராத்திரி அவர் யாருடைய பொறுப்பில் இருந்தார் என்று மட்டும் கேட்பேன்.