நிலவில் நிறை மாறுமா? எடை, பொருண்மை என்னும் இரு கருத்துகளின் வரலாறு



பூமியில் 60 கிலோகிராம் காட்டும் வில்தராசு நிலவில் ஏறத்தாழ 10 காட்டும். செவ்வாயில் 23 காட்டும். வியாழனின் மேகமுகட்டில் நிற்க இயலுமாயின் 150ஐயும் கடக்கும். ஆயினும் அவ்வுடலில் ஓர் அணுவும் கூடவில்லை, குறையவுமில்லை. மாறுவது எடை, மாறாதது பொருண்மை. இவ்விரண்டும் வேறு என்று அறிய மாந்தர்க்கு நெடுங்காலம் ஆயிற்று. அறிந்தபின் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இடும் கடமை மொழிகளுக்கு வந்து சேர்ந்தது. தமிழ் அக்கடமையை எவ்வாறு நிறைவேற்றியது என்பதே இவ்வுரையின் பொருள்.

பண்டை வணிகத்துக்கு ஒரே கருத்து போதுமானதாக இருந்தது. தராசின் ஒரு தட்டில் பண்டமும் மறுதட்டில் எடைக்கல்லும் வைக்கப்படும். ஈர்ப்பு குறைந்தால் இரு தட்டுகளிலும் ஒருசேரக் குறையும். ஆகவே முள் அசையாது. நிலவுக்கே கொண்டு சென்றாலும் அத்தராசு அதே விடையைத் தரும். அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துகள் ஒன்பது என வகுத்த தொல்காப்பியர் காலத்திலும், அதற்குப் பின் பல நூற்றாண்டுகளிலும், எடை இடத்துக்கிடம் மாறும் என ஐயுறக் காரணமே எழவில்லை.

அவ்வையத்தை எழுப்பியது தராசன்று, கடிகாரம். 1672இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் ழான் ரிஷேர் என்பவரை விண்ணாய்வுக்காகத் தென்னமெரிக்காவின் கயேனுக்கு அனுப்பியது. பாரிசில் சரியாக நொடிகாட்டிய ஊசல் அங்கே மெதுவாக ஆடிற்று. அதைச் சரிசெய்ய ஊசலின் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு சுருக்க வேண்டியதாயிற்று. கயேன், நம் பினாங்கைப் போலவே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ளது. ரிஷேர் பினாங்குக்கு வந்திருந்தாலும் ஏறக்குறைய அதே திருத்தத்தைத்தான் செய்திருப்பார். பூமியின் சுழற்சியாலும் நடுவே புடைத்த வடிவத்தாலும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஈர்ப்பின் விளைவு சற்றுக் குறைவு. துருவத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு நூற்றுக்கு அரைப் பங்கே. ஆனால் அந்த அரைப் பங்கு ஒரு பழைய நம்பிக்கையைத் தகர்த்தது.

அதற்கு விளக்கம் தந்தவர் நியூட்டன். 1687இல் வெளிவந்த தம் 'பிரின்சிபியா'வின் முதல் வரையறையாகவே அவர் 'பொருளின் அளவு' என்பதை வைத்தார். அது அடர்த்தியாலும் பருமனாலும் அமைவது என்றார். எடை அதற்கு நேர்விகிதத்தில் இருப்பினும் அதுவே அன்று என்பதையும் காட்டினார். கோள்களைச் சுற்றும் துணைக்கோள்களின் தொலைவையும் சுற்றுக்காலத்தையும் கொண்டு, பிற உலகங்களின் மேற்பரப்பில் ஒரு பொருள் எவ்வளவு எடையிருக்கும் எனவும் கணக்கிட்டார். 1726ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஞாயிற்றில் 10000 எனில் வியாழனில் 943, சனியில் 529, பூமியில் 435. இன்றைய மதிப்புகளின்படி வியாழனுக்கு ஏறத்தாழ 905 வரும், பூமிக்கு 358. தொலைவிலுள்ள வியாழனை விடத் தாம் நின்றிருந்த பூமியில்தான் அவர் கணக்கு மிகுதியாகப் பிழைத்தது. ஞாயிற்றின் தொலைவு அன்று திருத்தமாக அளக்கப்படாமையே அதற்குக் காரணம்.

அறிஞர் தெளிந்த பின்னும் வழக்குமொழியில் குழப்பம் நீடித்தது. 1901இல் கூடிய எடை அளவுகளுக்கான பன்னாட்டுப் பொதுமாநாடு, கிலோகிராம் என்பது பொருண்மையின் அலகு, எடை என்பது விசை என்று அறுதியிட்டுக் கூற வேண்டியிருந்தது.

விண்வெளிப் பயணம் இவ்வேறுபாட்டை உடலாலேயே உணரச் செய்தது. 1969இல் நிலவில் இறங்கியவர்கள் பூமியில் ஏறத்தாழ 80 கிலோகிராம் வரும் உடையையும் சுமைப்பையையும் எளிதாகத் தாங்கினர். ஆனால் நடந்துகொண்டிருக்கையில் திடீரென நிற்க முயன்றபோது அப்பொருண்மை முழுவதும் அவர்களை முன்னே தள்ளியது. 1973இல் ஸ்கைலேப் நிலையத்தில் எடையே உணரப்படவில்லை. ஆயினும் வீரர்களின் உடல் மெலிகிறதா என மருத்துவர்கள் அறிந்தாக வேண்டும். வில்லோடு பிணைத்த ஓர் இருக்கையில் வீரரை அமர்த்தி, அது ஆடும் காலத்தை அளந்தனர். பொருண்மை மிகுந்தால் ஆட்டம் மெதுவாகும். ரிஷேரின் ஊசல் ஈர்ப்பை மட்டும் காட்டியது. இவ்விருக்கை பொருண்மையை மட்டும் காட்டியது.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மாறாதது நிறை, மாறுவது எடை. இலங்கைப் பாடநூல்களில் மாறாதது திணிவு, மாறுவது நிறை. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் மாறாததைப் பொருண்மை என்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் நியாயம் உண்டு. 'எடை' எடு என்னும் வினையிலிருந்து பிறந்தது. தூக்கும் கை உணர்வது விசையே. 'நிறை' நிறு என்பதோடு உறவுடையது. தட்டிலிட்டு நிறுத்தால் கிடைப்பது பொருண்மையே. 'திணிவு' செறிவைக் குறித்து நியூட்டனின் வரையறையில் அடர்த்தியைத் தொடுகிறது. 'பொருண்மை' அதே வரையறையில் பொருளைத் தொடுகிறது.

இடர் சொற்களின் பன்மையில் இல்லை. ஒரே சொல் எதிரெதிர்ப் பொருளில் வழங்குவதில் உள்ளது. 'நிலவில் ஒரு பொருளின் நிறை மாறுமா?' என்னும் வினாவுக்குச் சென்னை மாணவர் 'மாறாது' என்றும் யாழ்ப்பாண மாணவர் 'மாறும்' என்றும் எழுதுவர். இருவர் விடையும் சரியே. இரு நாட்டு நூல்களையும் ஒருசேரப் படிக்கும் நம் மாணவரோ தாம் இயற்பியலில் தவறிவிட்டதாக எண்ணி மயங்குவார்.

ஒரு நாட்டார் தம் சொல்லைக் கைவிட வேண்டும் எனக் கோருவது முறையன்று. எனினும் பொதுக் கலைச்சொல் தொகுப்புகளில் 'நிறை'யைத் தனித்து நிறுத்தாமல், விசைக்கு எடை என்றும் மாறாத அளவுக்குப் பொருண்மை என்றும் கொள்வது நன்று. பொருண்மையை விசைக்கு வழங்குவோர் எந்நாட்டிலும் இல்லை. அதுவரை, ஆசிரியர் எந்த நூலைத் திறந்தாலும், இந்நூலில் நிறை என்பது எதைக் குறிக்கிறது என்பதைக் கரும்பலகையில் முதல் வரியாக எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவாராக.