எட்டும் மட்டும்

"பனை ஏறுகிறவனை எட்டும் மட்டுந்தான் தாங்கலாம்" என்று ஒரு பழமொழி உண்டு. பிள்ளையைப் படிப்பித்துவிட்ட தகப்பனும், கடன் கொடுத்துக் களைத்த உறவினரும் சொல்லும் வசனம் அது. உதவுகிற கைக்கும் ஓர் எல்லை இருக்கிறது, மிச்சத்தை ஏறுகிறவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பொருள். பாளை சீவிக் கள்ளும் கருப்பநீரும் இறக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சீவல் தொழில் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் அது உவமையாக அல்ல, நேரான செய்தியாகவே நிற்கிறது. நிலத்தில் நிற்பவர் கையை உயர்த்தினால் ஏழடி எட்டும். வளர்ந்த பனையின் தலையான வட்டு 50, 60 அடிக்கு மேலே இருக்கிறது. இடைப்பட்ட உயரத்தில் ஏறுபவரைத் தாங்க என்ன இருந்தது, அதற்கு மேல் ஏன் எதுவும் வரவில்லை என்பதே என் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனையில் ஏறுவதற்குக் கருவி கண்ட இந்த மண், பனையில் இருந்து வேலை செய்வதற்கு ஓர் இருக்கையைக் காணாமற் போனதற்குக் கைத்திறன் குறைவு காரணமல்ல. ஏறியவர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று சட்டமும் வழக்கமும் எவரையும் சுட்டவில்லை. காரணம் அங்கேதான் இருக்கிறது.

உயரத்தில் இருந்து வேலை செய்யும் இருக்கை என்றால் என்ன என்று பார்க்க, 19ஆம் நூற்றாண்டு மேலைநகரங்களின் மாடிவீடுகளுக்குப் போக வேண்டும். மேலும் கீழும் தள்ளித் திறக்கும் யன்னல்கள் அங்கே வழக்கில் இருந்தன. அவற்றின் வெளிக்கண்ணாடியைத் துடைப்பதற்கு யாராவது யன்னலுக்கு வெளியே போயாக வேண்டும். போனவர்களில் பலர் வீட்டுப் பணிப்பெண்கள். யன்னற்படியில் நின்று, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, மறு கையால் துடைத்தார்கள். இதற்கென்றே கழற்றி மாட்டும் கதிரைகள் பிறந்தன. கதிரையின் உட்பக்கக் கொக்கிகள் சுவரின் உள்முகத்தைக் கவ்வும், கீழ்த்தாங்கிகள் வெளிச்சுவரில் ஊன்றும், மூன்று பக்கமும் கைப்பிடிச் சட்டம் இருக்கும். துடைப்பவர் அதில் அமர்ந்து இரண்டு கையாலும் வேலை செய்யலாம். ஒரு யன்னல் முடிந்ததும் கழற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோகலாம். அமெரிக்காவில் இத்தகைய கதிரைகளுக்குக் காப்புரிமைகள் பல பெறப்பட்டன. இவற்றுக்கு முன்பே, 1847இல், நகரங்களின் தெருவொழுங்குக்காகப் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதன் 28ஆம் பிரிவு தண்டனைக்குரியவை என்று நிரைப்படுத்தும் செயல்களில் ஒன்று, வீட்டில் குடியிருப்பவர் தம் பணியாளரை யன்னற்படியில் நின்று துடைக்கவோ வர்ணம் பூசவோ ஏவுவது, அல்லது அதற்கு இடம்கொடுப்பது. நிலக்கீழ்த் தளத்து யன்னலுக்கு மட்டும் விலக்கு. தண்டம் 40 சிலிங் வரை, அல்லது 14 நாட்கள் வரை சிறை. அந்தப் பிரிவு தெருவில் போவோரின் ஆபத்தையும் இடைஞ்சலையும் முன்வைத்தே பேசுகிறது. பணிப்பெண்ணின் உயிர்மீது மட்டும் கொண்ட பரிவென்று அதைப் புகழ முடியாது. அச்சட்டத்தால்தான் கதிரை வந்தது என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் அது செல்லுபடியாகாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. படியில் நின்றவளைச் சட்டம் குற்றவாளியாக்கவில்லை, நிற்கச் சொன்னவரையே பிடித்தது.

யாழ்ப்பாணத்தில் இந்த யன்னற் கேள்வி நெடுங்காலம் எழவே இல்லை. இங்கே நாற்சார் வீடு நடு முற்றத்தைப் பார்த்துத் திறந்தது. வெளிப்புறத்தைக் கிடுகு வேலி மறைத்தது. வீடுகள் பெரும்பாலும் ஒரு தளத்தோடு நின்றன. யன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்க நிலத்தில் நின்றாலே போதும். குடாநாட்டில் அன்றாட உயரம் என்பது பனைதான். வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் பனையைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார். பனையின் 801 பயன்களைச் சொல்லும் தாலவிலாசம் என்ற நூலை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். கூரைக்கு ஓலை, வளைக்கு மரம், உணவுக்கு ஒடியல், பாய்க்குச் சார்வு என்று அந்தப் பட்டியல் நீளும். ஆனால் பயன்களை எண்ணியவர்கள் நிலத்தில் நின்று எண்ணினார்கள். ஓலையும் நுங்கும் கள்ளும் கருப்பநீரும் எவரோ ஒருவர் மேலே போனதால்தான் கீழே வந்தன.

மேலே போனவரின் வேலையைக் கிட்ட நின்று பார்ப்போம். அவரிடம் இருந்தவை சில பொருள்கள். கால்களை இணைக்கும் தளநார், இடுப்பில் கத்தி செருகும் கூடு, பாளைக்கத்தி, பாளையைத் தட்டும் பொல்லு, முட்டி. அடிமரம் பருத்திருப்பதால் முதற் சில அடிகளுக்கு ஏணியோ மரத்தில் கட்டிய தடியோ துணைக்கு இருக்கலாம். அதற்கு மேல் கைகள் மரத்தைத் தழுவும். தளநார் பூட்டிய பாதங்கள் மரத்தின் இரு பக்கமும் அழுந்தும், சொரசொரத்த மரத்தில் நார் பற்றிக்கொள்ளும். உடல் நிமிரும், கைகள் மேலே தாவும், பாதங்கள் மறுபடி பின்தொடரும். தளநார் நுட்பமான கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு முழ நீளத்துக்குள், எடையே இல்லாமல், எந்தப் பருமனுள்ள மரத்துக்கும் பொருந்தும்படி அமைந்த கருவி அது. ஆனால் வட்டை அடைந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. காவோலையையும் கங்குமட்டையையும் விலக்கி, மரத்தை விட்டு மட்டைகளின் நடுவே உடலை ஏற்ற வேண்டும். பிறகு மட்டையில் காலூன்றி, ஒவ்வொரு திசையிலும் நீண்டிருக்கும் பாளைகளை நோக்கித் திரும்பித் திரும்பி வேலை செய்ய வேண்டும். ஒரு கையில் பாளை, மறு கையில் கத்தி. முட்டியைக் கழற்றி ஊற்ற வேண்டும், மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும், முட்டியை மறுபடி மாட்ட வேண்டும். இத்தனைக்கும் இரண்டு கைகளும் தேவை. ஆகவே பிடித்துக்கொள்ளக் கையே மிஞ்சாத நேரத்தில், அவரைத் தாங்கக்கூடிய ஒரே கருவி காலில் சும்மா கிடக்கிறது. யன்னற் கதிரைக்கும் தளநாருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒன்று இருந்து வேலை செய்வதற்கானது, மற்றது போய்ச் சேர்வதற்கு மட்டுமானது. பருவ மாதங்களில் காலையும் மாலையும், மரத்துக்கு மரம், இதே ஏற்றமும் இதே இருப்பும் நடந்தன.

பனையின் இயல்பே இருக்கைக்கு இடம் தராது என்று சிலர் சொல்லலாம். கிளையில்லாத மரம், காற்றில் ஆடும் வட்டு, எங்கே எதைக் கட்டுவது? இந்த மறுப்பில் பாதி நியாயம் உண்டு. மறு பாதியைக் கோயில் கோபுரங்கள் மறுக்கின்றன. நல்லூரில் 2011இலும் 2015இலும் ஒன்பது தள இராசகோபுரங்கள் இரண்டு எழுந்தன. அவற்றுக்கு முன்பும் குடாநாடெங்கும் கோபுரங்கள் எழுந்து, கும்பாபிடேகம் தோறும் வர்ணம் பூசப்பட்டே வந்தன. அங்கெல்லாம் சிற்பி நிற்பதற்குச் சாரம் கட்டப்படுகிறது. தடியும் பலகையும் கயிறும் கொண்டு, எவ்வளவு உயரத்திலும் இரண்டு கையும் வேலைக்கு விடுபடும்படி ஒரு தளம் அமைக்கப்படுகிறது. சாரத்தின் செலவு திருப்பணிக் கணக்கில் சேர்கிறது. அதைச் சிற்பியே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆக, உயரத்தில் மனிதரை நிறுத்தும் அறிவு இங்கே இருந்தது. கோபுரவேலை மாதக்கணக்கில் நடப்பது, பனையில் வேலை சில நிமிடங்களில் முடிவது, இரண்டையும் ஒப்பிடலாமா என்றால், அந்தச் சில நிமிடங்களுக்காகவே கழற்றி மாட்டும் இருக்கை பிறந்தது என்பேன். பணிப்பெண்ணும் ஒரு யன்னலில் சில நிமிடங்களே இருந்தாள்.

எனவே கேள்வி கட்டுவதைப் பற்றியதல்ல, கட்டிக்கொடுக்க வேண்டியவர் யார் என்பதைப் பற்றியது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்ற வழக்கச்சட்டம், மரமேறும் தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்த நளவரையும் பள்ளரையும் அடிமைகளின் வரிசையில் வைக்கிறது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பிறகும் மரமும் வளவும் பழைய கைகளிலேயே இருந்தன, ஏறுவது பழைய கால்களிலேயே இருந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் கள்ளை அளந்தது, அதை விற்கும் தவறணையை ஒழுங்குபடுத்தியது. மரவரி நடைமுறையில் இருந்த காலங்களில் சீவும் மரத்துக்கு இவ்வளவு என்று வரி விதித்தார்கள். மரத்தை எண்ணிய அரசு, ஏறியவரின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வந்தபோது, வேலையில் அடிபட்டவருக்கு வேலைகொள்வோர் ஈடு தர வேண்டும் என்ற நெறி இலங்கையில் நிலைபெற்றது. நல்ல சட்டம். ஆனால் சீவல் தொழிலாளியின் வேலைகொள்வோர் யார்? மரம் வளவுக்காரருடையது, அவர் மரத்தைச் சீவக் கொடுத்தவர் மட்டுமே. அனுமதி அரசினுடையது, அது வரி வாங்கியது மட்டுமே. கள்ளை எடுத்தவர் தவறணைக் குத்தகைக்காரர். அவர் விலைகொடுத்து வாங்கியவர் மட்டுமே. மூன்று பேருக்கும் அந்த மரத்தால் வருவாய் இருந்தது, மூன்று பேரில் ஒருவரும் அவரை ஏவியவராகவில்லை. 1847ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்த "ஏவியவர், இடம்கொடுத்தவர்" என்ற ஆளே இந்த ஏற்பாட்டில் காணாமற் போய்விடுகிறார்.

ஏறுபவர்களே இத்தகைய கருவிகளை விரும்பமாட்டார்கள் என்பதுதான் இதைவிட வலுவான மறுப்பு. தகப்பனிடம் பழகிய உடல் அது, தேர்ந்தவருக்கு இருக்கை தடை, நாளுக்குப் பல மரம் ஏறுபவர் ஒவ்வொன்றிலும் எதையாவது மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் பாளை காய்ந்துவிடும் என்பார்கள். நேரத்தைப் பற்றிய வாதத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். மரத்தின் எண்ணிக்கைக்கும் கள்ளின் அளவுக்கும் கூலி என்றால், பாதுகாப்புக்குச் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் ஏறுபவரின் வயிற்றில்தான் விழும். அந்த நிலையில் அவர் கருவியை மறுப்பது அவருடைய விருப்பம் என்று சொல்வது சரியல்ல. அவருக்குத் தரப்பட்டிருந்த கணக்கு அப்படி. திறமையைப் பற்றிய வாதமோ எதிர்த்திசையில் செல்கிறது. தேர்ந்த சிற்பிக்கும் சாரம் கட்டுகிறோம். இடறுவதற்கு எப்போதும் பழக்கமின்மை தேவையில்லை. மழை நனைத்த மட்டையும் உளுத்த கங்கும் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பனையின் கீழ் இருந்து பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்பது நம் ஊர்ப் பேச்சு. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பெருக்கிய தவறணைகளுக்கு எதிராக நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. குடியால் அழிந்த குடும்பங்களை நினைத்தால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மது வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் தவறணையைப் பற்றித்தான் வாதாடினார்கள். ஏறுபவரின் காப்பைப் பற்றிப் பேசினால் கள்ளுக்குப் பரிந்து பேசுவதாக ஆகிவிடும் என்ற நிலையில், இரண்டு பக்கத்திலும் அதற்கு வாய் இருக்கவில்லை. கருப்பநீருக்கும் பனங்கட்டிக்கும் அதே மரம், அதே உயரம், அதே ஆபத்து என்பதும் மறைந்துபோயிற்று. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிப்பு, பூசாவிட்டால் புளிப்பு. ஏறுபவரின் காலுக்கு இரண்டும் ஒன்றே.

1972இல் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவானபோது இந்த ஏற்பாட்டில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை தனியார் குத்தகையில் இருந்த கள் வியாபாரம் சங்கங்களுக்கு மாறியது. சீவல் தொழிலாளி அங்கே பெயரோடு கூடிய அங்கத்தவர். வாங்குபவரும் அவருக்குப் பொறுப்பானவரும் ஒரே அமைப்பாக இருக்கக்கூடிய வாய்ப்பு அப்போதுதான் முதல்முறையாகக் கிடைத்தது என்று நினைக்கிறேன். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது, வடமராட்சியில் திக்கம் வடிசாலை வந்தது. பிறகு போர் வந்து மரங்களையும் மனிதரையும் தின்றது. பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்கப் பனைகள் தறிக்கப்பட்ட காலத்தில், வட்டில் இருக்க ஓர் இருக்கையைப் பற்றி எவரும் யோசித்திருக்க முடியாது.

அந்த யோசனை தென்னைக்காகக் கடலுக்கு அப்பால் நடந்தது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில், கால்மிதியும் கம்பிவடமும் கொண்ட ஏறுகருவி ஒன்று உருவாகிப் பரவியது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த கருவியில் ஏறுபவர் அமர ஓர் இருக்கையே உண்டு. மேற்சட்டத்தில் அமர்ந்து கீழ்ச்சட்டத்தைக் காலால் இழுத்து, புழுப்போல மரத்தில் நகரலாம். 2011இல் இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் இளைஞர்களுக்குக் கருவியால் ஏறப் பயிற்சி தந்தது. கூடவே காப்புறுதியும் தந்தது. கருவி முன்பே இருந்தது. வாரியம் என்ற பொறுப்பாளி வந்த பிறகுதான் அது காப்புறுதியோடு சேர்ந்து ஏறுபவர் கைக்குப் போனது.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டிவிட முடியாது. தேங்காய் பறிப்பவர் வட்டுக்குக் கீழே இருந்தபடியே குலையை வெட்டிவிடலாம்; கள்ளுச் சீவுபவர் வட்டுக்குள் போக வேண்டும். அடியில் பருத்து நடுவில் ஒடுங்கும் பனைக்கு ஏற்பக் கவ்வும் சட்டம் வழியிலேயே இறுக வேண்டும். பாளைகள் சுற்றிலும் இருப்பதால் இருக்கை வட்டுக்குக் கீழே பூட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும், அல்லது குறைந்தது இடுப்பிலிருந்து ஒரு கயிறு மரத்தை வளைத்து அவரோடு திரும்ப வேண்டும். தளநாரை மாட்டும் நேரத்தில் அதையும் மாட்டிவிட முடிய வேண்டும். மாட்டிக் கழற்றச் செலவாகும் நேரத்துக்குச் சங்கம் கள்ளின் விலையில் இடம்வைக்க வேண்டும். யாழ்ப்பாண நகரில் இப்போது கண்ணாடி முகப்போடு பல தளக் கட்டிடங்கள் எழுகின்றன, அவற்றின் வெளிக்கண்ணாடியைத் துடைக்கவும் ஆட்கள் கயிற்றில் இறங்க வேண்டியிருக்கும். அந்தக் கயிற்றுக்குக் கட்டிட உரிமையாளரிடம் கணக்குக் கேட்கலாம். கைதடியிலோ வல்வெட்டித்துறையிலோ ஒரு வளவுப் பனையின் வட்டில் நிற்பவருக்காக யாரிடம் கேட்பது என்பதை இன்னும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.