கப்பல் மாதிரிகளும் அவற்றைச் செய்வித்தோரும்

மரக்கலங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு எதிர்ப்படும் முதல் இடர், ஆராயப்படும் பொருளே இன்று இல்லாமையாகும். கோட்டை இடிந்தாலும் அடித்தளம் நிற்கும். கோயில் சிதைந்தாலும் கல்வெட்டு எஞ்சும். மரக்கலமோ அலையால் உடைந்தும், புழுவால் அரிக்கப்பட்டும், போரில் எரிந்தும் அழிகின்றது. இவையாவற்றினுந் தப்பிய கலம் ஈற்றில் விறகுக்காகப் பிரிக்கப்படுகின்றது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் செலுத்திய போர்க்கப்பல்கள் பலவற்றின் வடிவம் இன்று திட்டமாகத் தெரிகின்றதெனின், அக்காலத்திலேயே அவற்றைப் போலச் செய்யப்பட்ட சிறு மாதிரிகள் எஞ்சியிருத்தல் அதற்கு ஒரு பெருங் காரணமாகும். ஆயினும் அம்மாதிரிகள் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்க்கென ஆக்கப்பட்டவையல்ல. ஒவ்வொன்றையும் எவரோ ஒருவர் ஏதோ ஒரு நோக்கம் பற்றித் தச்சரைக் கொண்டு செய்வித்தார். செய்வித்தவர் யார், எதன் பொருட்டுச் செய்வித்தார் என்பனவற்றை அறியாது மாதிரியை மாத்திரம் நோக்குவார், அது சொல்லாதவற்றையும் சொல்லியதாகக் கொள்ள நேரிடும்.

இதற்கு 1607ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தக்க சான்றாகும். ஆங்கில அரசின் கப்பற் தச்சருள் ஒருவரான பினியஸ் பெற் என்பவர், பெருங்கப்பல் ஒன்றின் மாதிரியை நுணுக்கமாகச் செய்து கடற்படைத் தலைவர் ஹவார்ட் பிரபுவிடங் கொடுத்தார். அதனைக் கண்டு களித்த முதலாம் ஜேம்ஸ் மன்னர் அவ்வாறே பெருங்கப்பலைக் கட்டுமாறு பணித்தார். ஏனைய தலைமைத் தச்சர்கள் இதனைப் பொறுத்தாரல்லர். பெற் கட்டும் கப்பலின் அமைப்புப் பிழையானதென்றும், மரம் தகுதியற்றதென்றும் அவர்கள் குற்றஞ் சாட்டினர். வழக்கு வளர்ந்து, 1609இல் மன்னரே வுலிச் கப்பற்றுறைக்குச் சென்று நாள் முழுவதும் இருந்து இருதிறத்தாரையும் விசாரித்தார். தீர்ப்பு பெற்றுக்குச் சார்பாயிற்று. ‘பிரின்ஸ் றோயல்’ என்னும் அக்கப்பல் 1610இல் நீரிலிறக்கப்பட்டது. முதன்முறை இறக்க முயன்றபோது துறைவாயிலிற் சிக்கி நின்றமை தச்சரின் பகைவர்க்கு எவ்வளவு உவகை தந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்!

இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. கப்பல் சில ஆண்டுகளுக்குள்ளேயே உளுக்கத் தொடங்கியது. பச்சைமரம் கொண்டு கட்டியமையே அதற்குக் காரணமெனப் பின்னர்க் குறை கூறப்பட்டது. மன்னர் கண்டு மயங்கிய மாதிரியிலே வடிவத்தின் அழகு இருந்தது. செதுக்கு வேலையின் சிறப்பு இருந்தது. பெருங்கப்பலுக்கு வெட்டப்படும் மரம் காய்ந்ததா, காயாததா என்னும் செய்தி மாத்திரம் அதில் இருக்க இடமில்லை. மாதிரியைக் காட்டி அரசனின் இசைவைப் பெறும் வழக்கம் எத்துணைப் பயனுடையதோ, அத்துணை ஏமாற்றமுந் தரவல்லது என்பது இதனாற் பெறப்படும்.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இங்கிலாந்தில் இத்தகைய மாதிரிகள் ஒரு தனி மரபாக வளர்ந்தன. கடற்படைக் கழகத்து மாதிரிகள் என அவை வழங்குகின்றன. உண்மைக் கப்பலின் ஓரடிக்கு மாதிரியில் கால் அங்குலம், அஃதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்பதே அவற்றுட் பெரும்பாலானவற்றின் அளவு. பேரி மரம் போன்ற நெருங்கிய இழையுடைய மரங்களில் அவை கடைந்து செதுக்கப்பட்டன. நீர்மட்டத்தின் கீழுள்ள பகுதிக்குப் பலகை தைக்காமல் வங்குகளை வெளித்தோன்ற விடுதல் அவற்றின் சிறப்பியல்பு. கப்பலின் எலும்புக்கூட்டைப் பார்ப்பது போன்ற இத்தோற்றத்தைக் கண்டு, அக்காலக் கப்பல்களின் வங்குகள் இவ்வாறே அடுக்கப்பட்டன என எண்ணுதல் தவறு. மாதிரியில் வங்குகள் அழகிய ஒழுங்கில் ஒரு மரபுக்கேற்ப நிறுத்தப்பட்டன. கப்பற்றுறையிற் கையாண்ட முறை வேறு. சிற்பி மெய்யான உடலைச் செதுக்காது சிற்பநூல் வகுத்த உடலைச் செதுக்குதல் போன்றது இது.

இம்மாதிரிகளின் பயனை நன்குணர்ந்தவர் சாமுவேல் பீப்ஸ். தையற்காரரின் மகனாய்ப் பிறந்து, கடலறிவு சிறிதுமின்றி 1660இல் கடற்படைக் கழகத்தின் எழுத்தாளர் பதவியை ஏற்றவர் அவர். கப்பலின் உறுப்புகளுக்குப் பெயர் தெரியாத ஒருவர், மரமும் கயிறும் விற்கும் வணிகரோடு கணக்குப் பார்த்தல் எங்ஙனம்? 1662இல் வுலிச் துறைத் தச்சரான அந்தோனி டீன் என்பவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். மரத்தை அளக்கும் முறையையும், அளவையில் அரசு ஏமாற்றப்படும் வகைகளையும் டீன் அவருக்குக் கற்பித்தார். கப்பல் மாதிரி ஒன்று செய்து தருவதாகவும் வாக்களித்தார். அவ்வாக்கினால் தமக்குண்டான மகிழ்ச்சியைப் பீப்ஸ் தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். பெற் செய்த மாதிரி ஓர் அரசனை மயக்கியது. டீன் வாக்களித்ததோ ஓர் எழுத்தாளருக்குப் பாடநூலாகத்தக்கது. பின்னாளில் ஆங்கிலக் கடற்படையின் ஆட்சியைத் திருத்தியமைத்தோருள் பீப்ஸ் முதல்வராய் விளங்கியதற்கு இவ்வகைக் கல்வியும் ஒரு காரணமென்பது மிகையன்று.

பீப்ஸின் பதவியை 1690 முதல் 1719 வரை வகித்த சாள்ஸ் செர்கிசன் மாதிரிகள் பலவற்றைத் திரட்டித் தம் நாட்டுப்புற இல்லத்தில் வைத்தார். அங்கே இரு நூற்றாண்டுகள் அவை காக்கப்பட்டன. 1920களில் றோஜர்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அவற்றை வாங்கினார்; அவருடைய இறுதி விருப்பத்தின்படி அவை அன்னாப்பொலிஸ் நகரிலுள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியைச் சேர்ந்தன. ஆங்கிலேயர் செய்வித்த மாதிரிகளுட் பல இன்று கடல் கடந்து அமெரிக்காவில் இருத்தலுக்கு இதுவே காரணம்.

மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் காலத்தில் மாதிரிகள் மீண்டும் அரசவையை நாடின. கடற்படை அமைச்சராயிருந்த சான்ட்விச் பிரபு, மன்னருக்குக் கடற்படையில் ஈடுபாடு உண்டாக்கக் கருதி 1770களில் மாதிரிகள் செய்வித்தார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெலோனா’ என்னும் கப்பலின் மாதிரியொன்று கிறீனிச் நகரிலுள்ள தேசியக் கடல்சார் நூதனசாலையில் உள்ளது. அதன் அடிப்பகுதி சிறு செப்புத் தகடுகளாற் போர்த்தப்பட்டுள்ளது. புழுவும் பாசியும் பற்றாவண்ணம் கப்பலின் அடிக்குச் செம்பு போர்த்தும் முறையை மன்னருக்கு விளக்கும் பொருட்டுக் கடற்படைக் கழகத் தலைவர் சாள்ஸ் மிடில்ரன் இதனைப் பயன்படுத்தினாரெனக் கருதப்படுகின்றது. பிரான்சும் ஸ்பெயினும் ஒருசேர எதிர்த்து நின்ற 1779இல் இம்முறையைக் கடற்படை முழுவதற்கும் விரிக்கத் துணிந்தனர். கப்பல்கள் விரைவு பெற்றன. ஆனால் செம்பும் கடல்நீரும் சேருமிடத்து இரும்பு ஆணிகள் அரிபடும் என்னும் உண்மை பின்னரே முழுவதும் உணரப்பட்டது. ஆணிகளையுஞ் செப்புக் கலவையாக மாற்றிய பின்னரே அக்குறை நீங்கியது.

சான்ட்விச் பிரபு செய்வித்தவற்றுள் ‘றோயல் ஜோர்ஜ்’ கப்பலின் மாதிரியும் ஒன்று. மூலக் கப்பல் 1756இல் நீரிலிறங்கியது. 1782 ஆகஸ்ட் 29இல் ஸ்பிற்ஹெட் என்னுமிடத்தில் பழுது பார்ப்பதற்காக ஒருபுறஞ் சாய்த்து வைக்கப்பட்டிருந்தபோது அது திடீரென மூழ்கியது. மாலுமிகளும், அவர்களைக் காண வந்திருந்த பெண்டிரும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். கப்பலின் மரங்கள் பெரிதும் உளுத்திருந்தன எனப் பின்னர் நடந்த விசாரணையிற் கூறப்பட்டது. அரசவைக்கெனச் செய்த மாதிரியின் மரமோ இன்றும் உளுக்கவில்லை. பெற் காலத்துக் குறை இங்கே ஒன்றேமுக்கால் நூற்றாண்டின் பின் மீண்டுந் தோன்றுதல் காண்க.

இக்காலத்தை அடுத்துப் பிரெஞ்சுப் போர்க்கைதிகள் சிறையிலிருந்து செய்த எலும்பு மாதிரிகளும் புகழ் பெற்றன. உணவிற் கிடைத்த மாட்டெலும்பைச் சீவிப் பலகையாக்கி, 1797இல் அமைந்த நோர்மன் குறொஸ் சிறைமுகாம் போன்ற இடங்களில் அவற்றைச் செய்து விற்றனர். வாங்குவோர் ஆங்கிலேயராதலின் ஆங்கிலக் கப்பல்களின் பெயர்களே அவற்றிற் பெரிதும் பொறிக்கப்பட்டன. கைத்திறனுக்கு அவை சான்றாகும். கப்பலின் அளவுக்குச் சான்றாகா.

இதுகாறுங் கூறியவை யாவும் அரசரும் அதிகாரிகளும் தம் கப்பல்களுக்கென அல்லது சந்தையின் விருப்பிற்கெனச் செய்வித்தவை. வரைபடமே இல்லாது, தந்தையின் கையைப் பார்த்து மகன் கட்டிய கலங்களுக்கு மாதிரி செய்விப்பார் யார்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தவர் பிரெஞ்சுக் கடற்படையினரான எட்மண்ட் பாரிஸ். 1806இற் பிறந்த இவர் இளமையிலேயே மூன்று முறை உலகைச் சுற்றும் பயணங்களிற் கலந்துகொண்டார். சென்ற துறைதோறும் அவ்வூர்க் கலங்களை அளந்து வரைந்தார். பயணமொன்றில் இயந்திரத்திற் சிக்கி இடக்கையை இழந்த பின்னரும் வரைதலை விட்டாரல்லர். ஐரோப்பியரல்லாத மக்களின் கப்பற் கட்டுத்தொழில் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1841 முதல் 1843 வரை வெளிவந்தது. அதில் சோழமண்டலக் கரையின் கட்டுமரமும், ஆணியின்றித் தென்னங்கயிற்றாற் பலகைகளைத் தைத்துச் செய்த சலங்கும், தோணியும் அளவுகளோடு இடம்பெற்றன. சலங்கின் தையல் இறுகிய ஆணியைப் போலல்லாது நெகிழ்ந்து கொடுப்பதனாலேயே கரையலையின் மோதலைத் தாங்கியது என்பது கடற்றொழிலறிந்தோர் யாவர்க்குந் தெரிந்தது.

பாரிஸ் முதியவராகி 1871இல் லூவர் அரண்மனையிலிருந்த கடற்படை நூதனசாலையின் காப்பாளரானார். 1893இல் இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். தம் இளமைக்காலத்து வரைபடங்களை நூதனசாலைத் தச்சரிடங் கொடுத்து, அக்கலங்களுக்கு மாதிரிகள் செய்வித்தமை அவருடைய பெரும்பணியாகும். நீராவிக் கப்பல் பரவிய அந்நாட்களில் அக்கலங்களுட் சில ஏற்கனவே அருகத் தொடங்கியிருந்தன.

இலங்கையைப் பொறுத்தவரை, திருகோணமலைக் கடற்படைத் துறையில் தலைமைத் தச்சராயிருந்த ஜோன் ஈடி என்பவரும் நினைக்கத்தக்கவர். இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் கலங்களைப் பற்றி 1834இல் இலண்டன் றோயல் ஆசியக் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரையில், தோணியின் நீளம் ஏறத்தாழ 70 அடி, அகலம் 20 அடி, ஆழம் 12 அடி எனக் குறித்துள்ளார். அதன் அமைப்பை அவர் மெச்சவில்லை. கடலுக்கு ஏலாத கரடுமுரடான கட்டென்றே கருதினார். ஆயினும் அவர் எடுத்த அளவு பொய்யாகவில்லை; இகழ்ந்தவரே அளவைக் காத்தளித்தார். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணியின் தோற்றத்தை ஒளிப்படங்கள் காட்டுகின்றன. ஒளிப்படக் கருவி தோன்றுமுன் இக்கரைகளில் ஓடி மறைந்த தோணிகளுக்கு அவ்வாய்ப்பில்லை. அவற்றின் வடிவை அறிய விரும்புவோர் ஈடியின் அளவுகளையும், பாரிசின் வரைபடங்களையும், அவர் செய்வித்த மாதிரிகளையுமே நாடவேண்டியுள்ளது. லூவரிலிருந்த அந்நூதனசாலை பின்னர்ப் பாரிஸ் மாநகரின் செயிலோ மாளிகைக்கு மாற்றப்பட்டது. நெடுங்காலத் திருத்த வேலைகளுக்காக 2017இல் மூடப்பட்டு, 2023 நவம்பரில் மீண்டுந் திறக்கப்பட்டது.