தம்பியைச் சுமந்த அக்கா



1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த நம் கரிசல் மண்ணில் அடுப்பு எரிய வைத்தது. மறுக்க முடியாது. ஆனால் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்த பெண் பிள்ளைதான். அவள் படிப்பு அங்கேயே நின்றது. கொஞ்சம் வளர்ந்ததும் அவளும் கட்டை அடுக்கப் போனாள். பிறகு கல்யாணம்.

1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2 வயதுப் பிள்ளைக்கும் சோறு போட்டது. பால்வாடிக்குப் போனது தம்பி. இடுப்புச் சுமை இறங்கியது அக்காவுக்கு.

1996 டிசம்பர் 10-இல், சிவகாசியை வைத்து எழுந்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை. இல்லையேல் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பிள்ளை படிக்க வேண்டுமானால் வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்பதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

அங்கன்வாடியை வெறும் சோறு போடும் இடம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் படிப்பை நிறுத்திய அக்கா, அத்தை இருந்தால் கேட்டு எழுதுங்கள். அதுவும் நம் ஊர் வரலாறுதான்.