சதிரிலிருந்து பரதநாட்டியம்: பண்பாட்டு அபகரிப்பு என்னும் கருத்தாக்கத்தின் பொருத்தப்பாடு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சமூகத்தின் கலை, உடை, சடங்கு ஆகியவற்றைப் பிறர் கையாளும்போது பண்பாட்டு அபகரிப்பு என்னும் குற்றச்சாட்டு இன்று அடிக்கடி எழுகிறது. கலைக் கொடுக்கல் வாங்கலுக்கும் அபகரிப்புக்கும் இடையிலான வேறுபாட்டை, சதிர் பரதநாட்டியமாக மாறிய வரலாற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சதிர், பரதநாட்டியம், தேவதாசி முறை, இசை வேளாளர், பண்பாட்டு அபகரிப்பு

முன்னுரை

கலைகள் கைமாறுவது வரலாற்றில் புதிதன்று. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான ஆடல் வரிசையை ஒழுங்குபடுத்தினர். தமிழும் தெலுங்கும் மராத்தியும் புழங்கிய தஞ்சை அரசவையே அவர்களது களமாக இருந்தது. பிறர் கலையைப் பயில்வதையே அபகரிப்பு எனக் கொண்டால், அதற்கு உட்படாத கலை எதுவும் எஞ்சாது. அதே வேளையில், குற்றச்சாட்டு மலிந்துவிட்டது என்பதாலேயே அதனைப் புறந்தள்ளுவதும் முறையன்று. எடுத்தவர் யார் என்பதைவிட, கொடுத்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதே இங்கு முதன்மையான வினாவாகிறது.

சட்டமும் ஆடுகளமும்

சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1929-இல் இயற்றப்பட்ட சட்டம் தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோயில் பணிக் கடமையிலிருந்து விடுவித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்ததோடு, கோயில் வளாகத்திலும் தெய்வ ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் சட்டவிரோதமாக்கியது.

இதனை வெளியாரின் ஒடுக்குமுறை என்று மட்டும் கூற இயலாது. முத்துலட்சுமியின் தாயார் அச்சமூகத்தில் பிறந்தவர். தேவதாசி முறையின் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் புதினத்தின் வழியாக அம்முறையைக் கடுமையாகச் சாடினார். மறுபுறம், பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்கள் ஒழிப்பு முயற்சியை எதிர்த்தனர். சமூகத்தின் குரல் ஒன்றாக இருக்கவில்லை.

மேடையும் பெயரும்

சட்டம் கோயிலின் கதவை அடைக்க முனைந்த காலத்திலேயே சபாவின் கதவு திறந்தது. சென்னை மியூசிக் அகாடமி 1931-இல் கல்யாணியின் புதல்வியரது ஆடலுக்கு மேடையளித்தது. 1932-இல் இ. கிருஷ்ண ஐயரும் முத்துலட்சுமியும் நாளிதழ்களில் இக்கலை குறித்து வாதிட்டனர். கலையைக் காக்க வேண்டும் என்றார் ஐயர். ஆடலை ஆதரிப்பது பழைய முறைக்கே உயிரூட்டும் என அஞ்சினார் முத்துலட்சுமி. இக்காலத்திலேயே சதிர், தாசியாட்டம் என்னும் பெயர்கள் பின்தள்ளப்பட்டுப் ‘பரதநாட்டியம்’ நிலைபெற்றது.

ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935-இல் அடையாற்றில் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். கற்பித்தோர் மரபுக் கலைஞர்களே. ஆயினும் அடுத்த தலைமுறையில் மேடையேறியோருள் பெரும்பாலோர் உயர்சாதி, நடுத்தரக் குடும்பப் பெண்களாயினர். சீர்திருத்தத்தையும் மறுமலர்ச்சியையும் அம்ரித் ஸ்ரீனிவாசன் 1985-இல் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். ‘மறுமலர்ச்சி’ என்னும் ஒரே சொல், ஆடுவோர் மாற்றம், பெயர் மாற்றம், இட மாற்றம் முதலிய பல செயல்களை மறைப்பதை மேத்யூ ஆலன் 1997-இல் எடுத்துக்காட்டினார்.

பாலசரஸ்வதியின் நிலைப்பாடு

மரபுக் குடும்பத்தில் 1918-இல் பிறந்த த. பாலசரஸ்வதி, ஆடலைத் ‘தூய்மைப்படுத்தும்’ முயற்சியை ஏற்கவில்லை. சிருங்காரமே அபிநயத்தின் உயிர் என்றும், அது பக்திக்குப் புறம்பானதன்று என்றும் வலியுறுத்தினார். தூய்மைப்படுத்த வேண்டியது ஒன்று உண்டு என ஒப்புக்கொள்வது, தம் முன்னோரின் கலையை மாசுடையதென ஏற்பதாகும். 1973-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. தனியொருவர் பெற்ற அச்சிறப்பால், மேடையிலிருந்து விலகிப்போன குடும்பங்களின் நிலை மாறிவிடவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம். முதலாவது, ஒரே கலைக்காகக் கொடுத்தவர் இழிவையும் எடுத்தவர் மதிப்பையும் பெறுதல். இரண்டாவது, பெயரும் தோற்ற வரலாறும் மாற்றி எழுதப்படுதல். மூன்றாவது, கொடுத்தவர் அக்கலையைத் தொடர்வதற்கான வாய்ப்பு சுருங்குதல். சதிரின் வரலாற்றில் இம்மூன்றும் ஒருங்கே காணப்படுகின்றன. இவற்றுள் ஒன்றும் இல்லாதவிடத்து எழும் குற்றச்சாட்டு, இயல்பான கலைப் பரிமாற்றத்தையே பழிப்பதாக முடியும்.

எனினும், இம்மாற்றத்தைத் தனியொருவரின் களவாகக் காட்டச் சான்றில்லை. சட்டத்தை வேண்டியவரும் மேடையை அமைத்தவரும் எதிரெதிர் அணியில் நின்றவர்கள். ஆனால் அவ்விரு முயற்சிகளின் விளைவும் ஒரே சமூகத்தின் மீதே விழுந்தது. ஆகவே அபகரிப்பு என்னும் சொல் தனிமனிதர் மீதான பழியாக அமைவதைவிட, ஒரு வரலாற்றுப் போக்கைச் சுட்டும் சொல்லாகவே பொருத்தமுறும். பரதநாட்டிய வரலாற்றைக் கற்பிக்கும் பாடத்திட்டங்கள் சிற்ப, சாத்திரச் சான்றுகளோடு நின்றுவிடாமல், ஆடிய பெண்களையும் நட்டுவனார்களையும் பெயர் சுட்டிப் பதிவுசெய்வது இக்கண்ணோட்டத்தின் முதற்பயனாக அமையும்.